மூன்றாவது கடப்பு

பத்து வரை எண்ண வேண்டும் என்று பேச்சுப் பயிற்சிக்கு வருகிற ரூத் சொல்லியிருக்கிறாள். அவர் ஒரு சொல்லைத் தொடங்கினால் நான் வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ண வேண்டும், அதற்குள் சொல் வந்தால் வரட்டும், வராவிட்டால் மட்டும் உதவலாம். ஒன்று, இரண்டு, மூன்று. அதற்கு மேல் என்னால் முடிவதில்லை. மற்றவர்கள் தொடங்கியதை நான் முடித்து வைப்பது இன்று நேற்றுப் பழக்கமா, பள்ளிக்கூடத்தில் ரீச்சர் கேள்வியைக் கேட்டு முடிக்க முதல் கையை உயர்த்துகிறவள் நான், கல்யாணத்தன்று ஐயர் திருப்பிச் சொல்லச் சொன்ன மந்திரத்தை அவருக்கு முந்திச் சொல்லிவிட்டேன் என்று இவர் நாற்பத்திரண்டு வருடமாகக் கேலி செய்தார். செய்தார் என்று ஏன் நினைக்கிறேன், ஆள் இருக்கிறார், வீட்டில் முன்னறையில் சாய்கதிரையில் இருக்கிறார், கேலிதான் இல்லை. மெல்லப் போ பிஸ்கற், தோளைக் கழற்றிவிடுவாய் போலிருக்கிறது. நாய்க்கு என்ன தெரியும், இன்றைக்குப் பதினொரு மணிக்கு ரூத் வருகிறாள் என்றும் அதுதான் கடைசி வருகையாக இருக்கலாம் என்றும் அதற்குத் தெரியுமா, அதற்கு முயல் மணம்தான் தெரியும். போன கிழமை ரூத் வாசலில் நின்று மெதுவாகச் சொன்னாள், பேச்சுப் பயிற்சிக்கு ஆறு கிழமைதான் கணக்கு, அதற்குள் பொருளோடு ஒரு சொல்லாவது வந்தால் இன்னும் நீட்டித்துத் தரும்படி கேட்டு எழுதலாம், ஒரே ஒரு சொல் போதும் என்று. ஒரு சொல் இருக்கிறதே என்றேன். அது சொல்லாக இல்லாமலும் இருக்கலாம் மிஸிஸ் விசுவலிங்கம், பாரிசவாதம் வந்த சிலருக்கு ஒரே ஒலி திரும்பத் திரும்ப வரும், ஓடாத கடிகாரத்தின் முள் ஒரே இடத்தில் துடிக்கிற மாதிரி என்றாள். நல்ல பெட்டைதான். ஆனால் கடிகாரம் என்று சொன்னதற்கு அன்றைக்கு நான் தேநீர் கொடுக்கவில்லை.

முதலாவது கடப்பு வந்துவிட்டது, வேலியை ஏறிக் கடக்கிற பலகைப் படி. இந்தக் குறுக்குப் பலகை ஈரமாக இருக்கிறது, முதலில் கம்பத்தைப் பிடி, பிறகு இடது கால், பிறகு சேலை கட்டாதது நல்லதாய்ப் போயிற்று என்று தினமும் நினைக்கிற நினைப்பு, பிறகு வலது கால். பிஸ்கற் அடிப்பலகைக்குக் கீழே வயிற்றைத் தேய்த்துக்கொண்டு ஒரு நொடியில் அந்தப் பக்கம். ஆரணி இதை இங்கிலீஷில் ஸ்ரைல் என்பாள், எங்கள் மகள் இங்கே பிறந்தவள், அவளுக்கு அதுதான் சொல். இவர் விடமாட்டார். "ஸ்ரைல் எண்டால் தலை இழுக்கிற ஸ்ரைல் மாதிரிக் கிடக்கு. இது கடப்பு, பிள்ளை. ஆள் கடக்கலாம், மாடு கடக்க ஏலாது. இவங்களிட்டை இருக்கிறதுக்கு முந்தியே எங்களிட்டை இருந்த சாமான்" என்பார். ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் வேலை செய்தவர், லண்டனில் இருபத்தாறு வருடம் பெற்றோல் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர், ஓய்வு பெற்று மகள் வேலை செய்கிற இந்த டார்பிஷயர் மூலைக்கு வந்ததும் முதல் வேலையாக வரைபடம் வாங்கினார். சமையலறை மேசை முழுக்க விரித்து வைத்துக்கொண்டு பச்சைக் கோடுகளை விரலால் தடவினார். அடுத்தவன் காணிக்குள்ளால் பாதை போகுது நாயகி, சட்டமே போகச் சொல்லுது, காணிக்காரனே படியும் வைச்சுக் குடுக்கிறான் என்று அதிசயப்பட்டார். ஊரில் வேலியை ஒரு சாண் தள்ளிப்போட்டதற்கு அண்ணனும் தம்பியும் செத்த வீட்டுக்குக்கூடப் போகாமல் இருந்ததை அளந்து அளந்து பார்த்தவர் அல்லவா. வா நீயும் நடக்க என்று எத்தனை தரம் கூப்பிட்டிருப்பார். சேற்றுக்குள் நாயோடு நடக்கிற வேலை எனக்கு வேண்டாம், நீங்கள் போய் அளந்துபோட்டு வாங்கோ என்று நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நாலு வருடம். ஒரு நாள் போயிருக்கலாம். ஒரு நாள் போயிருந்தால் அடுப்பு என்ன அழுதிருக்குமா.

இந்த வயல் சமம். இங்கே மூச்சு வாங்காது, யோசிக்கலாம், யோசிக்காமலும் இருக்கலாம், சித்திரை மாத வெயில் முதுகில் பட நடப்பது சுகமாகத்தான் இருக்கிறது என்று அவரிடம் சொல்ல வேண்டும், சொன்னால் சிரிப்பார், சிரிப்பாரா, வாயின் ஒரு பக்கம் மட்டும் ஏறும். காலையில் நான் நாயின் வாரை ஆணியிலிருந்து எடுத்ததும் தொடங்கிவிட்டார். கட. கட. இடது கையைத் தூக்கி மூன்று விரல்களைக் காட்டுகிறார், கண்ணில் அப்படி ஒரு அவசரம். தினமும் இப்படித்தான். ஆஸ்பத்திரியால் வந்த முதல் கிழமை அது கடலை என்று நினைத்தேன், அவருக்குக் கடலை என்றால் உயிர், அவித்துத் தேங்காய்ச் சொட்டுப் போட்டுத் தாளித்துக் கொடுத்தேன், இல்லையென்று தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டார், சாப்பிட்டு முடித்துவிட்டு மறுபடி கட என்றார். கடிதமோ என்று கேட்டேன். கடையோ. கடல் பார்க்க வேணுமோ, ஆரணியை லீவு போடச் சொல்லி இரண்டரை மணித்தியாலம் கார் ஓடி கடலுக்கே கொண்டுபோய்க் காட்டினோம், குளிரில் மூக்கு ஒழுக இருந்து பார்த்துவிட்டு வந்தார். கடப்போ என்றும் கேட்டேன், அதற்கு மட்டும் விரலை ஆட்டி ஏதோ இருக்கிறது என்கிற மாதிரிப் பார்த்தார், பிறகு அதற்கும் தலையை ஆட்டினார். ஒன்றுமில்லாமல் களைத்துப்போய் ஒரு நாள், கடவுளோ அப்பா என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெரிய மூச்சு விட்டார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அந்த மூன்று விரல், திருநீற்றுக்கு மூன்று விரல், வேறென்ன. எத்தனை கோயில் காணியை அளந்திருக்கிறன், சங்கிலியின்ரை மற்ற முனையைப் பிடிக்க ஒரு கடவுளும் வரேல்லை என்று சொன்ன மனிசன், படுக்கையில் விழுந்ததும் கடவுளைக் கூப்பிடுகிறாரே என்று அழுதேன். அன்று தொடங்கி விடியவும் பின்னேரமும் அவருக்கு மூன்று குறி இழுத்துவிடுகிறேன். முகத்தைத் திருப்புவார். உணர்ச்சிவசப்படுகிறார் என்று ஆரணியிடம் சொன்னேன். "அம்மா, அவருக்குப் பிடிக்கேல்லை எண்டு நினைக்கிறன், பூசாதேங்கோ" என்றாள். உனக்கு என்னடி தெரியும் என்று போனை வைத்தேன்.

இரண்டாவது கடப்பு. இது நல்ல கடப்பு, பலகை புதிது. இங்கே நின்று திரும்பிப் பார்த்தால் எங்கள் வீட்டுப் புகைக்கூண்டு தெரியும், அவர் அதன் கீழே தனியாக இருக்கிறார், தனியாக இல்லை, பக்கத்து வீட்டு மார்கரெட் பதினொரு மணி வரை இருக்கிறேன் என்று வந்திருக்கிறாள், பின்னல் ஊசியோடு. மார்கரெட்டுக்கு முன்னால் கட கட என்று அவர் கத்தியபோது, இருங்கோ அப்பா, கடவுள்தானே, வந்து விளக்குக் கொளுத்துறன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கதவைச் சாத்தும்போது அவர் கதிரைக் கையில் குத்திய சத்தம் கேட்டது. ஏன் குத்த வேண்டும். கடவுளைக் கூப்பிடுகிறவர் கோபத்தோடா கூப்பிடுவார். இந்த நினைப்பு தினமும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது, செருப்புக்குள் போன கல் மாதிரி, உதறிவிட்டு நடக்கிறேன், மறுபடி காலடியில். மற்றப் பயத்தைச் சொல்லப்போனால் அது இதைவிடப் பெரிது, அதை நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை, ரூத் சொன்னதுதான் சரியாக இருந்தால் என்கிற பயம். அது வெறும் ஒலிதான் என்றால் உள்ளே ஆள் இல்லை. என்னுடைய பெயர் யோகநாயகி, வீட்டில் நாயகி. கல்யாணம் கட்டின புதிதில் குசினிக்குள் நிற்கும் என்னை விறாந்தையிலிருந்து கூப்பிடுவார், "நாய்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு நிறுத்துவார். என்ன சொன்னியள் என்று நான் கரண்டியோடு வர, "அகி" என்று முடிப்பார். எத்தனை வருடம் போனாலும் எனக்குக் கோபம் வரும், எத்தனை வருடம் போனாலும் நிறுத்தமாட்டார். பிஸ்கற் வந்த அன்று, இனி இந்த வீட்டில் நாயும் இருக்குது நாயகியும் இருக்குது, நான் பாதியிலை நிப்பாட்டினால் ஆர் வாறதெண்டு பாப்பம் என்றார். நாய்தான் வந்தது. அப்படிச் சொல்லுக்குள் ஒளிந்து விளையாடின ஒருவர் உள்ளே இல்லையென்றால் அந்தச் சாய்கதிரையில் நான் யாருக்குத் துவாய் மாற்றுகிறேன்.

மாடுகள். எங்கிருந்து வந்தன, நேற்று இந்த வயலில் ஒன்றுமில்லை. பதினைந்து இருபது இருக்கும், இளம் காளைகள், நான் ஏறி வந்த இரண்டாவது கடப்பை அடைத்துக்கொண்டு நின்று என்னைப் பார்க்கின்றன. மாடு காணாதவளா நான். ஆனால் ஊர் மாடு ஊர் மாடுதான், இவை ஒவ்வொன்றும் சின்ன லொறி அளவு, அதுவும் கறுப்பு. நான் நடந்தால் நடக்கின்றன. நின்றால் நிற்கின்றன. பயப்படாதை, ஓடாதை, அதுகளுக்குப் பொழுது போகேல்லை, அவ்வளவுதான் என்று இவர் ஒரு நாள் சொன்னது இந்த மாடுகளைப் பற்றித்தானா, மகளின் மாமியாரைப் பற்றியா, நினைவில்லை. ஆனால் ஒன்று விளங்குகிறது, இன்றைக்குத் திரும்பிப் போக முடியாது. ஆறு கிழமையாக நான் திரும்பித்தான் போகிறேன். ஏனென்றால் மூன்றாவது கடப்பு வந்ததும் இந்த நாய் குந்திவிடும். முதலாவதையும் இரண்டாவதையும் அம்பு மாதிரிக் கடக்கிற நாய் மூன்றாவதில் பிள்ளையார் மாதிரி இருந்துவிடும், இழுத்தாலும் வராது. அதற்கு அப்பால் ஒழுங்கை, ஒரு ஒடுங்கின றோட்டு, அதைத் தாண்டினால் எங்கள் வீட்டுப் பின்வழி, ஏழு நிமிடம். இப்போது பத்தரை. மாட்டுக்குள்ளால் போக என்னால் முடியாது. நாய் எழும்ப வேண்டும்.

குந்திவிட்டது. பார், குந்திவிட்டது. கடப்புக்கு இந்தப் பக்கம், காதை நிமிர்த்தி, என் வாயையே பார்த்துக்கொண்டு. வா பிஸ்கற். எழும்பு. கம். ஜம்ப். குட் போய். பாயடா. போ. ஓடு. அதன் பெயருக்கேற்ப ஒரு பிஸ்கற்றையே காட்டிப் பார்த்தேன், மூக்கு ஆடியது, பின்பக்கம் ஆடவில்லை. இவர் இதைக் கூப்பிடுகிற மாதிரி, ஐசே, வாரும் என்றுகூடச் சொன்னேன், வெட்கமாக இருந்தது, மாடுகள் கேட்டுக்கொண்டிருந்தன. கடப்பு, கடப்பு என்றேன், எங்கேயோ கேட்ட சத்தம் என்கிற மாதிரிக் காதை ஆட்டியது, எழும்பவில்லை. சரி, நான் ஏறி அந்தப் பக்கம் இறங்கி இழுக்கிறேன், வராமல் எங்கே போகும். கம்பத்தைப் பிடி. இடது கால். பலகையில் நின்று வலது காலை அந்தப் பக்கம் போட்டேன், செடி வேலி உயரம், ஒழுங்கை வளைவு, ஒன்றும் தெரியவில்லை, இறங்கப் போனால் வார் இறுகி என் கையைப் பின்னால் இழுக்கிறது, நாய் கல்லாக இருக்கிறது, சனியனே விடு என்று திரும்பிப் பேசவும் பால் லொறி ஒன்று வளைவில் ஒரு சத்தமும் இல்லாமல் வந்து, இல்லை, சத்தத்தோடுதான் வந்திருக்கும், எனக்குத்தான் என் சத்தம் பெரிது, என் முழங்காலுக்கு முன்னால் வெள்ளைச் சுவர் ஒன்று ஓடுவது போல ஓடி முடிந்தது. காற்று முகத்தில் அடித்தது. நான் பலகையில் அப்படியே இருந்துவிட்டேன். கடவுளே என்றுதான் சொல்ல வாயெடுத்தேன், மூச்சு இருந்தது அவ்வளவுதான், "கட" என்றதோடு நின்றுவிட்டது.

நாய் எழும்பியது. அடிப்பலகைக்குக் கீழால் நுழைந்தது, ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்க்கிற மாதிரி ஒருதரம் தலையைத் திருப்பியது, நேரே கடந்து அந்தப் பக்கத்துப் புல்லில் போய் நின்று என்னைப் பார்த்தது. வார் என் கையிலிருந்து எப்போதோ நழுவியிருந்தது. கட என்றேன் மறுபடி, எனக்கே கேட்க வேண்டும் என்று. கட. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. வுள் இல்லை, லை இல்லை, ப்பு இல்லை. முழுச் சொல். தமிழில் அதைவிட முழுசான சொல் உண்டா, இரண்டெழுத்து, ஒரு கட்டளை, நில், பார், கட. மூன்று விரல். மூன்றாவது கடப்பில் வாகனம் வரும், நாய் நிற்கும், நீ கட என்று சொன்னால்தான் கடக்கும், சொல்லத் தெரியாமல் நீ றோட்டில் இறங்கிவிடாதே. இதைத்தான் ஆறு கிழமையாகக் காலை தோறும் கத்தியிருக்கிறார். நான் கடலை அவித்தேன். நான் விளக்குக் கொளுத்தினேன். சொல்லி முடித்த ஒரு மனிசனுடைய நெற்றியில், விடியவும் பின்னேரமும், பாவம், ஓடிப்போக ஒரு காலும் இல்லாமல் இருந்தவருடைய நெற்றியில் சாம்பலைப் பூசினேன். எனக்கு அழுகை வந்தது, அழும்போதே சிரிப்பும் வந்தது, இந்தக் கோலத்தில் ஒழுங்கையைக் கடந்தேன், இரண்டு பக்கமும் பார்த்துத்தான் கடந்தேன்.

ஏழு நிமிடப் பாதை. நடையா ஓட்டமா, பிஸ்கற் முன்னால், நான் பின்னால். வீட்டிலும் அது வாசல் மிதியடியில் குந்துமே, சேற்றுக் காலோடு உள்ளே வரக்கூடாதென்று அவர் பழக்கிய பழக்கம், குந்தியதும் நான் கழுத்துப் பட்டியைப் பிடித்து உள்ளே இழுப்பேன், அவர் கதிரையிலிருந்து கட என்பார், நான் ஓம் ஓம் கடவுள் என்பேன். இவ்வளவு நாளும் நான் இழுத்ததால்தான் நாய் வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ரூத்தின் சிவப்புக் கார் வாசலில் நிற்கிறது. பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கிறது, இந்த நாட்டுச் சனம் முந்தித்தான் வரும். அவளுக்கு என்ன சொல்வது, ரூத், கட என்றால் கிராஸ், இம்பரட்டிவ், என்று விளங்கப்படுத்தவா, அவள் தலையாட்டிக் கேட்டுவிட்டு, மனைவி நம்புகிறார் என்று எழுதுவாள். இல்லை. நான் சொல்லக்கூடாது. நான் ஒன்றும் சொல்லக்கூடாது.

கதவைத் திறந்தேன். முன்னறைக்குள் நேரே திறக்கிற கதவு. சாய்கதிரையில் அவர், பக்கத்தில் மடியில் கோப்போடு ரூத், மார்கரெட் பின்னலை மடித்துக்கொண்டிருந்தாள். பிஸ்கற் மிதியடியில் குந்தியது. என் கை பழக்கத்தில் பட்டியை நோக்கிப் போனது, அதைப் பிடித்துப் பின்னால் கட்டிக்கொண்டேன். ரூத் ஏதோ கேட்க வந்தாள், நான் உதட்டில் விரலை வைத்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. அவர் நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏன் இன்றைக்கு இவள் வாயைத் திறக்கவில்லை என்கிற மாதிரிப் பார்த்தார். நாலு. ஐந்து. நெற்றியில் காலையில் நான் போட்ட மூன்று குறி. ஆறு. வாயின் ஒரு பக்கம் அசைந்தது. ஏழு. எட்டு.

"கட."

பிஸ்கற் எழும்பி உள்ளே போனது. ரூத் நாயைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கோப்பைத் திறந்தாள். "இன்னொரு தரம் செய்வாரா?" என்று கேட்டாள். நாயை நான் வெளியே கூப்பிட்டேன், வந்து குந்தியது, அவர் நேரம் எடுத்தார், கட என்றார், போனது. மூன்றாம் தரமும் செய்தோம். ரூத்தின் பேனை ஓடியது. கட, அதன் பொருள், நாய், வாசல் என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எழுதினாள், நான் சொன்னேன், கேட்டதற்கு மட்டும் சொன்னேன். பிறகு அவர் மறுபடி வாயை அசைத்தார்.

"நாய்," என்றார்.

"டோக்!" என்றாள் ரூத், நாய் என்கிற அந்த ஒரு தமிழ்ச் சொல் அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்தது. "வெரி குட், மிஸ்டர் விசுவலிங்கம், புதுச் சொல்." எழுதத் தொடங்கிவிட்டாள். நாய் அவருடைய காலடியில் படுத்திருந்தது. அவர் நாயைப் பார்க்கவில்லை. மிச்சம் என் நாக்கு நுனியில் நின்றது, நாற்பத்திரண்டு வருடமாக எனக்குத் தெரிந்த மிச்சம். எண்ணிக்கொண்டே வந்தேன், ஒன்பது. பத்து. பத்துக்குப் பிறகு உதவலாம் என்பது ரூத்தின் சட்டம். உதவவில்லை. பதினொன்று, பன்னிரண்டு, வெளியே மார்கரெட்டின் பூனை சுவரில் நடந்தது, பதினேழு, பதினெட்டு.

"அகி."

ரூத் நிமிர்ந்து, அது என்ன என்று கேட்டாள். அவர் வாயின் ஒரு பக்கம் ஏறியிருந்தது. சேற்றுச் சப்பாத்தோடு மிதியடியில் நின்றேன், உள்ளே கால் வைக்கவில்லை, எனக்கும் அவர் சொல்லட்டும் என்று நின்றுகொண்டேயிருந்தேன்.